ஆசியாவிலேயே பெரியது

ஒரு பொருள் நம் ஊரில் இருந்தால் மட்டும் நமக்குப் போதாது; அது ஆசியாவிலேயே பெரியதாகவும் இருந்தாக வேண்டும். பேருந்து நிலையம் கட்டினால் ஆசியாவிலேயே பெரியது. காய்கறிச் சந்தை வைத்தால் ஆசியாவிலேயே பெரியது. கண்டம் முழுக்க டேப்பு பிடித்து அளந்துவிட்டு வந்தவர் யார் என்று கேட்கிறவன் இனத் துரோகி. மதுரைக்காரர்களுக்கும் அப்படி ஒரு பெருமை இருந்தது: மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 2,563 இருக்கைகளோடு நின்ற தங்கம் தியேட்டர். ஜப்பான்காரனிடமும் சீனாக்காரனிடமும் யாரும் போய்க் கேட்கவில்லை. அவர்களுக்கே தெரியாமல் அவர்களைத் தோற்கடித்துவிட்டோம்.

பிறகு அந்தப் பெருமையை நாமே பல வருடம் பூட்டிப் போட்டோம். பூட்டியது போதும் என்று இடித்தோம். இடித்த இடத்தில் மாடிமேல் மாடியாக ஜவுளிக்கடை எழுந்தது. ஆசியாவிலேயே பெரிய ஒன்றைப் பறிகொடுத்த ஊர் ஒரு நாளாவது துக்கம் காக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். மதுரை ஆடித் தள்ளுபடிக்குப் போனது.

ஜவுளிக்கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் காசு கொடுத்து இடம் வாங்கினார். விற்றவரும் ஆள் வராத கொட்டகையை எத்தனை நாள்தான் கட்டி அழுவார்? இருவரும் வியாபாரிகள், வியாபாரம் என்று சொல்லித்தான் செய்தார்கள். என் வயிற்றெரிச்சல் வேறு ஆட்கள் மேல். அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் வரி வாங்கியவர்கள், கைத்தட்டல் வாங்கியவர்கள், கடைசியில் ஓட்டும் வாங்கியவர்கள். அவ்வளவையும் மக்கள் சேவை, கலைச் சேவை, மொழிச் சேவை என்ற பெயர்களில் வாங்கியவர்கள்.

அந்தத் தெருவின் ஜாதகத்திலேயே இடிப்பு எழுதியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தார். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரி பெயரில் தெரு வந்தது. நிலம் அளந்த மாரட் பெயரிலும் தெரு வந்தது. கோட்டையைக் கட்டிய கொத்தனார்களின் பெயர் எந்தச் சந்திலும் இல்லை. இடித்த மேஸ்திரியின் பெயர் மட்டும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு திசையிலும் நிலைத்திருக்கிறது. மதுரையில் பெயர் நிலைக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை கிடையாது. ஆனாலும் ஒன்று: அந்தக் கலெக்டர் இடித்த இடத்தில் ஜனங்கள் நடக்கத் தெரு கிடைத்தது. நாம் இடித்த இடத்தில் ஜனங்களுக்குக் கட்டைப்பை கிடைத்தது.

தங்கம் திறந்தது 1952 தீபாவளிக்கு. முதல் படம் ‘பராசக்தி’. சிவாஜி கணேசனுக்கு முதல் படம், வசனம் மு. கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. கதையில் வரும் கல்யாணி, கணவனையும் தகப்பனையும் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு மதுரையில் நாதியற்று நிற்கிறாள். இட்லிக்கடை வைத்துப் பிழைக்கப் பார்க்கிறாள். கோயில் பூசாரி வரைக்கும் கை நீட்டுகிறான். தங்கள் ஊர்த் தெருவில் ஒரு பெண் படும் பாட்டைத் தங்கள் ஊரின் மிகப்பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து மதுரைக்காரர்கள் பார்த்தார்கள், அழுதார்கள், கோர்ட்டில் நின்று பேசிய அவள் அண்ணன் சிவாஜிக்குக் கைதட்டினார்கள். படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. குரல் எழுப்பியவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. இருட்டில் உட்கார்ந்து கைதட்டுகிறவன் நாளைக்கு வெளிச்சத்தில் வந்து ஓட்டுப் போடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

போட்டான். 1967-இல் போட்டான். அதற்குப் பிறகு அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று சினிமாவோடு தொழில் உறவு கொண்ட ஐந்து பேர் கோட்டையில் முதலமைச்சர்களாக உட்கார்ந்தார்கள். எழுதியவர்கள் இரண்டு பேர், நடித்தவர்கள் மூன்று பேர். உலகத்தில் வேறெந்த மாநிலமும் கொட்டகைக்கு இவ்வளவு கடன்பட்டிருக்க முடியாது. அந்தக் கடனை எப்படி அடைத்தோம் என்பதுதான் கதை.

அதற்கு முன் கொட்டகைக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய தியேட்டரை நினைத்து உருகும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடுவார்கள். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்ற கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதி வைத்தார். சரிதான், ஒரே கூரை. ஒரே தரை என்று அவர் சொல்லவில்லை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர், பால்கனி என்று அங்கும் நான்கு வருணம் இருந்தது. திரைக்கு எவ்வளவு கிட்டே உட்காருகிறாயோ அவ்வளவு கீழானவன். கவுண்டருக்குப் போகும் வழி ஆள் அகலத்துக்குக் கட்டிய கூண்டு. முதல் நாள் முதல் காட்சிக்கு அதற்குள் நின்றவனின் தலைமேல் ஏறி இன்னொருவன் நடந்து போவான். சட்டை கிழியும், செருப்பு தொலையும், போலீஸ்காரரின் லத்தி இலவசம். பெண்களுக்குத் தனி வரிசை, சில இடங்களில் தனித் தடுப்பு. கழிப்பறையைப் பற்றிப் பேசாமலிருப்பது மறைந்த தியேட்டர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆனால் அந்த நான்கு வருணத்தையும் கவுண்டரில் காசு மட்டும்தான் தீர்மானித்தது. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் மதுரையின் இன்னொரு வாசலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனதற்கே ஊர் இரண்டுபட்டது. சாமியைப் பார்க்கப் பிறப்புச் சான்று கேட்ட ஊரில், சாமி வேடம் போட்டவரைப் பார்க்கச் சில்லறை போதுமாக இருந்தது. கொட்டகைக்கு அது ஒன்றும் கொள்கை கிடையாது. கல்லாப்பெட்டிக்குக் குலம் கோத்திரம் தெரியாது, அவ்வளவுதான். நம் ஊரில் சமத்துவம் கொள்கையாக வந்ததைவிடக் கல்லாப்பெட்டி வழியாக வந்தது அதிகம்.

சமத்துவம் எட்டிப் பார்க்கும் இடத்தில் அரசாங்கம் உண்டியல் வைக்காமல் இருக்குமா? கோயில் கதவு திறந்த அதே 1939-இல்தான் ராஜாஜியின் அரசு கேளிக்கை வரிச் சட்டம் கொண்டுவந்தது. ஏழை ஒரு மூன்று மணி நேரம் தன் பாட்டை மறந்து சிரித்தால் அதற்கு வரி. அழுதாலும் வரி; அழுகையும் கேளிக்கையில்தான் சேரும். ராஜாஜிக்குச் சினிமா பிடிக்காது என்பது ஊரறிந்தது. பிடிக்காதவர் போட்ட வரியைப் பிடித்தவர்கள் வந்து எடுத்திருக்க வேண்டும். சினிமாவாலேயே பிழைத்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். வரி இருந்த இடத்திலேயே இருந்தது. கறவை மாட்டை வெறுக்கிறவன் வீட்டிலும் நேசிக்கிறவன் வீட்டிலும் பால் சொம்பு ஒரே அளவுதான்.

தில்லிக்காரர்கள் சளைத்தவர்களா? படம் தொடங்குமுன் அரசின் செய்திப் படம் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். மந்திரி நாடா வெட்டுவார், அணை திறக்கும், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களைத் தலைவர் வானத்திலிருந்து பார்ப்பார். வெள்ளம் வடிந்து, அந்த இடத்தில் வறட்சி வந்த பிறகு அந்தச் சுருள் மதுரைக்கு வந்து சேரும். இதில் நுட்பம் என்னவென்றால், தன்னைப் பற்றிய விளம்பரத்தை அரசே எடுத்து, அதைக் காட்டும்படி கொட்டகைக்காரரைக் கட்டாயப்படுத்தி, காட்டியதற்கு அவரிடமே வாடகையும் வாங்கியது. இன்றைய விளம்பர நிறுவனங்களில் எந்த மேதைக்கும் இந்த யோசனை தோன்றியதில்லை.

மூன்றாவது கை கட்சிகளுடையது. கட் அவுட் வைத்தவன் சொந்தக் காசில் வைத்தான். தோரணம் கட்டியவன், சூடம் கொளுத்தியவன், பால் ஊற்றியவன், நூறாவது நாளுக்கு ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியவன், எல்லாரும் கைக்காசைப் போட்டார்கள். ரசிகர் மன்றம் கட்சிக் கிளையாக மாறியது. அவன் தட்டிய கைத்தட்டலை அளந்து பார்த்துத் தொகுதி ஒதுக்கினார்கள். அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் யாரும் அளக்கவில்லை.

இனி இந்தக் கறவை மாடு எப்படிச் செத்தது என்று பார்ப்போம். ‘காலமாற்றம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பிரேதப் பரிசோதனை செய்ய விரும்பாத ஊரில் எல்லாச் சாவும் இயற்கைச் சாவுதான்.

2,563 இருக்கைக்குக் கட்டியவர் பைத்தியக்காரர் அல்லர். அன்றைக்கு ஒரு படம் பெரிய ஊர்களில் ஒன்றிரண்டு கொட்டகையில் மட்டும் வரும். ஐம்பது நாள், நூறு நாள் ஓடும். பிறகு அந்தப் படப்பெட்டி சிற்றூருக்குப் போகும், அதற்குப் பிறகு டூரிங் டாக்கீஸுக்கு. சுற்று வட்டாரத்துக் கிராமத்தான் படம் தன் ஊருக்கு வரும்வரை காத்திருக்க மாட்டாமல் மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் மதுரைக்கு வருவான். அவன் வருவான் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை பெரிய மண்டபம் எழுந்தது. பின்னர் பிரிண்டுகள் பெருகின. ஒரே நாளில் ஊரெங்கும் படம் போட்டு, முதல் வாரத்திலேயே போட்ட காசை எடுத்துவிட்டு ஓடும் வழக்கம் வந்தது. நூறு நாள் ஓட்டத்துக்குக் கட்டிய கொட்டகை பத்து நாள் ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. வீடியோ கேசட் வந்தது, கேபிள் வந்தது, திருட்டு சிடி வந்தது. பின்வரிசை நிரம்பவில்லை. ஆனால் ஏ.சி.யும் விளக்கும் மொத்த மண்டபத்துக்கும் எரிந்தாக வேண்டும். நகரின் நட்டநடுவில் தரை விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கட்டடத்தைவிட அது மறைத்துக்கொண்டிருந்த மண்ணுக்கு மதிப்பு கூடிவிட்டது.

இதெல்லாம் சந்தையின் வேலை. சந்தைக்கு முதுகு தட்டிக் கொடுத்தவர்களின் வேலையும் கொஞ்சம் இருக்கிறது. கொட்டகையால் வளர்ந்தவர்கள் கொட்டகையில் ஆள் குறைவதைப் பார்த்ததும் என்ன செய்தார்கள்? ஆள் எங்கே போகிறானோ அங்கே வீடு மாற்றினார்கள். 1993-இல் சன் டி.வி. வந்தது. 1999-இல் ஜெயா டி.வி. 2007-இல் கலைஞர் டி.வி. கட்சிக்கொரு அலைவரிசை, அலைவரிசைக்கொரு கட்சி. 1952-இல் அண்ணனின் வசனத்தைக் கேட்க டிக்கெட் வாங்கி வந்த குடும்பத்துக்கு, அந்த வசனத்தை எழுதியவரின் அரசே 2006-இலிருந்து வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தது. ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல். 2011-இல் அடுத்த கட்சி வந்தது. பெட்டி கொடுத்தது தவறு என்றா சொன்னது? பெட்டிக்குக் கேபிள் வேண்டாமா என்று மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் கொடுத்தது. பகையாளிகள் இருவரும் கைகோத்து ஒரே குடும்பத்தைச் சோபாவில் உட்கார வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சோபா இருக்கிறதா என்று கேட்கக் கூடாது.

பெட்டி கொடுத்த அதே 2006-இல் மொழிக்கும் ஒரு தொண்டு நடந்தது. படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அறிவித்தார்கள். அடுத்த நாளே கோடம்பாக்கத்தில் தமிழ்ப் பற்று பொங்கி வழிந்தது. பெயர் தமிழ்; பாட்டு, பேச்சு, சண்டை எல்லாம் எந்த மொழி என்று மொழியியல் அறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். 2011-இல் அதற்கு இன்னும் நிபந்தனைகள் சேர்த்தார்கள். ‘யு’ சான்றிதழ் வேண்டும் என்றார்கள். வன்முறை இல்லாத, பண்பாடு காக்கும் படங்கள் என்று சான்று கொடுக்கத் தனிக் குழுக்கள் படம் பார்த்தன. நல்லது. விட்டுக்கொடுத்த வரி மக்களின் பணம். அது டிக்கெட் விலையில் குறைந்து தன் சட்டைப்பைக்குத் திரும்பியதாக ஞாபகம் உள்ளவர்கள் கை தூக்கலாம். யாரும் தூக்கவில்லையா? சரி, அடுத்த பத்திக்குப் போவோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். ‘ஒரே நாடு ஒரே வரி’ என்று தில்லி சொன்னது. தமிழ்நாடு அதைக் கேட்டுவிட்டு, அதற்கு மேல் 30 சதவீதம் உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்றது. ஒரே நாடுதான், இரண்டு கை. தியேட்டர்காரர்கள் கதவடைத்துப் போராடிய பிறகு சதவீதம் இறங்கியது. வரி மட்டும் எழுந்து போகவில்லை.

இந்தக் கணக்குகளில் எங்கும் வராத ஆட்கள் சிலர் உண்டு. கார்பன் குச்சியின் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஆபரேட்டர். டார்ச் அடித்து இடம் காட்டியவர். டிக்கெட் கிழித்தவர். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவர். விடியற்காலையில் பசைவாளியோடு அலைந்தவர். இரண்டாம் ஆட்டம் விட்டபின் கடலைத்தோலையும் வெற்றிலைச் சாற்றையும் கூட்டிப் பெருக்கிய பெண்கள். நூறாவது நாள் விழாவில் கேடயம் வாங்கியவர்கள் பட்டியலில் இவர்கள் இல்லை. டிஜிட்டல் வந்தபோது புரொஜெக்டரைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள். அதை ஓட்டியவரை எடைபோட ஆள் வரவில்லை. நடித்தவருக்கு மணிமண்டபம், எழுதியவருக்கு நினைவிடம். ரீல் மாற்றியவருக்கு மரத்தடியில் ஏ.டி.எம். காவல்.

சரி, புதிய அரங்குக்குப் போவோம். வணிக வளாகத்தின் மேல்மாடி. தரை டிக்கெட் ஒழிந்துவிட்டது. நாம் நான்கு வருணத்தையும் ஒழித்த விதம் இப்படி: கீழிருந்த மூன்றையும் வெளியே அனுப்பிவிட்டோம். மிஞ்சிய பால்கனி இப்போது முழு அரங்கையும் நிரப்பியிருக்கிறது. டிக்கெட்டுக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு உண்டு; பெரிய நடிகரின் படம் வரும் நாளில் அந்த வரம்பு லீவில் போய்விடும். முன்பு தியேட்டர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு ஒரு ஆள் காதோரம் வந்து பிளாக் விலை சொல்வான். அவனைப் போலீஸ் பிடிக்கும். இப்போது அந்தத் தொழில் மரியாதைப்பட்டுவிட்டது. கூடுதல் விலைக்கு வகைவகையான கௌரவப் பெயர்கள் வந்துவிட்டன, யாரையும் பிடிப்பதில்லை.

பையில் முறுக்கு இருந்தால் வாசலில் பிடுங்கிவிடுவார்கள். வெளி உணவைத் தடுக்க அரங்குக்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிநீரை மட்டும் இலவசமாகக் கொடுக்கச் சொன்னது. அந்தக் குடிநீர்க் குழாய் எந்த மூலையில் இருக்கிறது என்பது புதையல் வேட்டை. உள்ளே பாப்கார்ன் வாங்கினால் அதிலும் ஞானம் காத்திருந்தது: உப்புப் போட்டுத் தளர்வாக விற்றால் 5 சதவீதம், பொட்டலம் கட்டி முத்திரையிட்டால் 12 சதவீதம், சர்க்கரைப் பாகு ஊற்றினால் 18 சதவீதம் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி விளக்கம் கொடுத்தது. சோளம் பொரிந்தால் அதன் சாதி என்ன என்று ஆராய நாட்டின் நிதியமைச்சர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மனு இருந்திருந்தால் கண்ணீர் மல்கியிருப்பார்.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. இனிச் சொல்வதைச் சிரித்துச் சொல்ல முடியாது. 2023 மார்ச் 30, ‘பத்து தல’ வெளியான நாள். சென்னை கோயம்பேட்டு அரங்கு ஒன்றின் வாசலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு நின்றது. உள்ளே விடவில்லை. யாரோ எடுத்த வீடியோ பரவிய பிறகு கதவு திறந்தது. ஏன் விடவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் வந்தது: படம் ‘யு/ஏ’, குடும்பத்தோடு குழந்தைகள் இருந்தார்கள், சட்டப்படி நடந்தோம். அன்றைய விதிப்படி ‘யு/ஏ’ என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று பொருள். பெற்றோர் பக்கத்தில்தான் நின்றார்கள். நல்ல சட்டை போட்ட எத்தனை குடும்பத்தின் கைக்குழந்தைகளிடம் அந்த வாசல் சான்றிதழைப் படித்துக் காட்டியிருக்கிறது? நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா அதற்கு மூன்று மாதம் முன்புதான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கட்சிகள் ஒன்றுக்கொன்று முந்திக்கொண்டு அதற்குச் சொந்தம் கொண்டாடின. பட்டியலில் சேர்த்தாயிற்று, கொட்டகையில் சேர்க்கவில்லை. ஐம்பதுகளின் கவுண்டரில் காசு கொடுத்தவனுக்குக் கிடைத்த டிக்கெட், காசு கொடுத்த பின்னும் செல்லாமல் போனது நம் காலத்துச் சாதனை.

‘பாரம்பரியத்தைக் காப்போம்’ என்று ஒரு கோஷ்டி உண்டு. காப்பாற்றியதைப் பார்ப்போம். சென்னை அண்ணாசாலையில் 1913-இல் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் இரண்டு வருடம்தான் ஓடியது. ஆனால் கட்டடம் இன்றும் நிற்கிறது. காரணம், அது அஞ்சல் துறைக்குப் போய்த் தபால்தலை அலுவலகம் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டே அதன் பக்கத்தில் ரகுபதி வெங்கையா எழுப்பிய கெயிட்டி, ஓர் இந்தியர் சென்னையில் கட்டிய முதல் தியேட்டர், பல பத்தாண்டுகள் படம் ஓட்டியது. இப்போது இல்லை. 1964-இல் மூன்று திரைகளோடு வந்த சஃபையர் இல்லை. சிவாஜி குடும்பத்தின் சாந்தி 2016-இல் மூடியது. அசோக் நகர் உதயம் 2024-இல் மூடியது. மதுரையில் ‘சிந்தாமணி’ படத்தின் லாபத்தில் எழும்பிய சிந்தாமணி டாக்கீஸிலும் இன்று படம் ஓடுவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு திரையரங்கு நூறு வருடம் நிற்க வேண்டுமானால் உறுதியான வழி ஒன்றுதான் உண்டு: படம் காட்டுவதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டுத் தபால்தலை விற்கப் போய்விட வேண்டும்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-இல். காப்பதற்கான சட்டமே பன்னிரண்டு வருடம் அலமாரியில் இருந்து தூசி படிந்து, தானே ஒரு மரபுச் சின்னமான பிறகு வெளியே வந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இடித்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. மீறுவதற்கு விதி வேலைக்கு வரவில்லை.

அரசு கொட்டகை நடத்துமா, அது அரசின் வேலையா என்று பொருளாதாரம் படித்தவர்கள் புருவம் உயர்த்துவார்கள். பக்கத்து வீட்டுக் கேரளத்தில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று தியேட்டர்களை நடத்துகிறது. அங்கே ஒரு நடிகரும் முதலமைச்சர் ஆனதில்லை என்பதைக் கவனிக்க. நம் அரசுக்கும் கடை நடத்தத் தெரியாமல் இல்லை. 2003-இலிருந்து ஊர் ஊராகச் சாராயக் கடை நடத்துகிறது. மழையிலும் கவுண்டர் திறக்கிறது, கூண்டு கட்டி வரிசையை ஒழுங்குபடுத்துகிறது, ஒருநாளும் ஆள் வரவில்லை என்று கடையை விற்றதில்லை. பழைய தியேட்டரின் கூண்டு எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆகவே யோசனை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்; வசை மட்டும் பாடினான் என்ற பழி வேண்டாம். உள்ளாட்சிகள் வாங்கும் கேளிக்கை வரி சினிமா பார்க்கிறவனின் பணம். அதிலிருந்து ஊருக்கொரு கொட்டகை. இரண்டாயிரம் இருக்கை வேண்டாம், ஆசியாவை அளக்க வேண்டாம், முந்நூறு போதும். கூலிக்காரன் குடும்பத்தோடு வரக்கூடிய விலை. பையில் முறுக்கு வைத்துக்கொள்ளலாம். சுத்தமான கழிப்பறை. பெரிய தியேட்டர்கள் எடுக்காத சின்னப் படங்களுக்கு அங்கே இடம். வேலை இழந்த ஆபரேட்டருக்கும் டிக்கெட் கிழித்தவருக்கும் அங்கே மாதச் சம்பளம். எந்தச் சாதி, எந்தச் சட்டை என்று வாசலில் பார்க்கிற ஆளுக்கு மட்டும் வேலை கிடையாது. ஒரு மணிமண்டபத்துக்கு ஆகும் செலவில் இப்படிச் சில கொட்டகைகள் கட்டலாம் என்று கணக்குப் போடுவது தேசத் துரோகமா, மாநிலத் துரோகமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.

இதை யாரும் தாமாகச் செய்யப் போவதில்லை. கொட்டகை வழியாக மேலே போனவர்கள் ஏணியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏணியையும் விற்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். இனியும் திரையிலிருந்து இறங்கி நேராக உங்கள் தெருவுக்கு வருவார்கள். எந்தக் கொடியானாலும் சரி, எத்தனை கோடி ரசிகர் என்று சொன்னாலும் சரி, கும்பிட்ட கையை அவர் இறக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: உம்மை நாங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தோமோ, அந்த இடத்துக்கு நீர் என்ன செய்தீர்? எங்களில் யாரை இப்போது அந்த வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரியுமா? பஞ்ச் வசனம் பேச ஆரம்பித்தால், ஹவுஸ்ஃபுல் என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.